பெட்டகமும் சோபாவும் ஒரே அறையில்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் பலவற்றில் ஒரு பெட்டகமோ சாய்மனைக் கதிரையோ மிஞ்சியிருக்கும். டைல் பதித்த புது வீட்டுக்குப் பொருந்தாது என்று அதை விற்றுவிடாதீர்கள். உள்ளே கொண்டுவருமுன் அடியில் கறுப்புத் துணி விரித்து ஒரு வாரம் விடுங்கள். மாவு போன்ற தூள் கொட்டினால் மரத்தில் வண்டு இருக்கலாம். முதலில் அதற்கு மருந்தடிக்க வேண்டும். பளபளக்கும் வார்னிஷ் எனக்குப் பிடிக்காது, பழமையின் அழகையே மறைத்துவிடும், தேன்மெழுகு போதும்.

பக்கத்துச் சோபா பூவேலையின்றி ஒரே நிறத்தில் இருக்கட்டும். பெட்டக மூடியைத் திறக்க வேண்டுமே, அதனால் தொலைக்காட்சியை அதன்மேல் வைக்காமல் சுவரில் மாட்டுங்கள். 2700 கெல்வின் எல்இடி விளக்கின் மஞ்சள் ஒளியில் மரநிறம் எடுபடும். தரை துடைக்கும் ஈரம் ஏறாதபடி பழைய தளபாடத்தின் கால்களுக்கு றப்பர் வில்லைகள் அவசியம்.