கப்பியை எண்ணாதீர்கள், கயிற்றை எண்ணுங்கள்: இயந்திரவியல் கேள்விகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரயில்வே உதவி லோகோ பைலட் தேர்வுக்கும் தொழிற்சாலை அப்ரண்டிஸ் தேர்வுகளுக்கும் படிக்கிறவர்களைக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நிறையப் பார்க்கலாம். கணக்கு, ரீசனிங் என்றால் மணிக்கணக்காக உட்காருவார்கள். நெம்புகோல், கப்பி, கியர் வந்தால் மட்டும் "ஸ்கூல்ல படிச்சதுதானே" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். மதிப்பெண் போவது அங்கேதான். சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம். படத்தில் எதை அளப்பது, எதை எண்ணுவது என்பதில்தான் சறுக்கல்.

கப்பியை எடுத்துக்கொள்வோம். படத்தில் நான்கு கப்பி இருந்தால் பளுவை நான்கால் வகுத்துவிடுவது பலருக்கும் கைவந்த பழக்கம். கிணற்றுக்கு மேலே மாட்டிய ஒற்றைக் கப்பி சுமையை ஒரு கிராம்கூடக் குறைப்பதில்லை. மேலே இழுக்க வேண்டியதைக் கீழே இழுக்க வைக்கிறது, அவ்வளவே. விசையைக் குறைப்பது பளுவோடு சேர்ந்து ஏறி இறங்கும் கப்பி. எனவே பளு தொங்கும் கப்பியைச் சுற்றி மனதில் ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டத்தைத் தாண்டி மேலே போகும் கயிறுகளை மட்டும் எண்ணுங்கள். இரண்டு கயிறு தாங்கினால் 60 கிலோ பளுவுக்கு 30 கிலோ இழுப்பு. நான்கு தாங்கினால் 15. கடைசிக் கயிறு மேல் கப்பியைச் சுற்றிக் கீழே கைக்கு வந்தால் அது கணக்கில் சேராது. நகரும் கப்பியிலிருந்து நேராக மேலே கைக்குப் போனால் சேரும். கேள்வி தயாரிப்பவர்கள் வலை விரிப்பது பெரும்பாலும் இந்த ஒற்றைக் கயிற்றில்தான்.

குழம்பினால் தூரத்தைப் பாருங்கள். பளு ஒரு மீட்டர் ஏற எத்தனை மீட்டர் கயிறு கைக்கு வருகிறது? நான்கு மீட்டர் என்றால் விசை நான்கில் ஒன்று. அம்பத்தூர் பட்டறைகளில் செயின் பிளாக் போட்டு மோட்டார் தூக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். சங்கிலி சரசரவென்று வந்துகொண்டே இருக்கும், மோட்டார் விரற்கடை விரற்கடையாகத்தான் ஏறும். விசையில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கட்டியாக வேண்டும்.

நெம்புகோலில் தவறு வேறு மாதிரி. தூரத்தை எப்போதும் ஆதாரப் புள்ளியிலிருந்து, அதாவது நெம்புகோல் எதன்மேல் திரும்புகிறதோ அந்த இடத்திலிருந்து, அளக்க வேண்டும். ஜல்லி அள்ளும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி ஒன்று: சக்கர அச்சிலிருந்து 50 செ.மீ. தள்ளி 90 கிலோ பளு, பளுவிலிருந்து கைப்பிடிக்கு 100 செ.மீ. அவசரக்காரர் 90 × 50 ÷ 100 என்று போட்டு 45 எழுதுவார். 45 விடைகளில் ஒன்றாகக் காத்திருக்கும்! அச்சிலிருந்து கைப்பிடிக்கு 150 செ.மீ.; சரியான விடை 30 கிலோ. ஸ்பேனரைச் சாய்வாக இழுக்கும் படம் வந்தால், கைப்பிடியின் முழு நீளத்தை எடுக்கக் கூடாது. ஆதாரப் புள்ளியிலிருந்து விசை செல்லும் கோட்டுக்குச் செங்குத்தான தூரம்தான் திருப்புத்திறனை (திருப்பும் வலுவை) தீர்மானிக்கும்.

நெம்புகோலை முதல் வகை, இரண்டாம் வகை என்று பெயரால் உருப்போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. நடுவில் இருப்பது எது என்று பாருங்கள், போதும். கத்தரிக்கோலில் ஆதாரம், பாக்குவெட்டியில் பளு, இடுக்கியில் விசை. இடுக்கியில் விசை மிச்சமாகாது, கூடுதலாகத்தான் செலவாகும். "நெம்புகோல் எப்போதும் விசையைக் குறைக்கும்" என்ற வாக்கியத்துக்குச் "சரி" போட்டுவிடாதீர்கள்.

கியரில் இரண்டு பல்சக்கரங்கள் வெளிப்புறமாகக் கோத்துக்கொண்டால் எதிரெதிராகச் சுழலும். 20 பல் சக்கரம் 60 பல் சக்கரத்தைச் சுற்றினால் வேகம் மூன்றில் ஒன்று, திருப்பும் வலு மூன்று மடங்கு (உராய்வை விட்டுவிட்டால்). நடுவில் 35 பல் சக்கரம் ஒன்றைச் செருகினால்? பலர் மூன்று எண்களையும் பெருக்கி வகுத்து நேரத்தைத் தொலைப்பார்கள். நடுச் சக்கரம் திசையை மட்டுமே மாற்றும், விகிதத்தைத் தொடாது. ஆனால் நடுவில் ஒரே அச்சில் இரண்டு சக்கரங்கள் இருந்தால் கதை வேறு; அப்போது ஒவ்வொரு ஜோடியின் விகிதத்தையும் பெருக்கத்தான் வேண்டும். படத்தில் வித்தியாசம் ஒரு சின்னக் கோடுதான். பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பிரித்துப் போட்ட கியர் பாக்ஸ்களை ஒரு நடை பார்த்துவிட்டு வந்தால் அந்தக் கோடு கண்ணுக்குத் தப்பாது. நேர் பெல்ட் ஒரே திசையிலும் குறுக்குப் பெல்ட் எதிர்த் திசையிலும் சுழற்றும். மூன்று சக்கரங்கள் ஒன்றையொன்று தொட்டு முக்கோணமாக நின்றால் எதுவும் சுழலாது.

ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தால் பளு தூக்கும்) கேள்வியில் விட்டத்தையும் பரப்பையும் குழப்பாதீர்கள்: பிஸ்டனின் விட்டம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. சாய்தளத்தில் விசை எத்தனை மடங்கு மிச்சம் என்று அறியப் பலகையின் நீளத்தை உயரத்தால் வகுக்க வேண்டும், தரையில் அளந்த தூரத்தை அல்ல. ஒரே மாதிரியான இரண்டு ஸ்பிரிங்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டால், அதே சுமைக்கு மொத்த நீட்சி ஒற்றை ஸ்பிரிங்கைப் போல் இரு மடங்கு. பக்கத்தில் பக்கமாக மாட்டிச் சுமையைச் சமமாகப் பகிர்ந்தால் பாதி.

பளு கிலோகிராமிலும் விடைகள் நியூட்டனிலும் இருக்கிறதா என்பதைக் கணக்குத் தொடங்கும் முன்பே பாருங்கள். ரயில்வேயின் கணினித் தேர்வில் ஒரு தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். நான்கில் இரண்டு விடைகளைத் தவறென்று உறுதியாக நீக்க முடிந்தால் மிச்ச இரண்டில் ஒன்றைத் துணிந்து தேர்ந்தெடுக்கலாம். படமே புரியவில்லை என்றால் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.