கடற்கரையில் லேடெக்ஸ் பிளாட்பெட்: இயந்திரத்துக்கு முன் அறையைப் பாருங்கள்

பிளக்ஸ் அடித்துக்கொண்டிருக்கும் கடைக்காரர், சன் போர்டிலும் (பிவிசி நுரைப் பலகை) ஏசிபி ஷீட்டிலும் (அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) அக்ரிலிக்கிலும் நேரடியாக அச்சடிக்கும் பெரிய லேடெக்ஸ் இயந்திரம் வாங்க நினைத்தால் முதலில் விசாரிப்பது விலையை. அடுத்து, மணிக்கு எத்தனை சதுர அடி ஓடும் என்பதை. இராமநாதபுரம் கடற்கரையில் இந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இதை எந்த அறையில் வைக்கப்போகிறோம்? தொண்டி முதல் மூக்கையூர் வரை காற்றில் உப்பு கலந்திருக்கிறது. இயந்திரக் கோளாறு என்று இங்கே புலம்பப்படும் பலவும் உண்மையில் அறையின் கோளாறுகள்.

இந்த மையின் இயல்பைப் புரிந்துகொண்டால் காரணம் விளங்கும். எச்பி நிறுவனம் லேடெக்ஸ் மையை 2008-இல் கொண்டுவந்தது. கெட்டிப் பலகையிலும் அச்சடிக்கும் ஆர் வரிசை இயந்திரங்கள் 2018-இல் வந்தன. பெயரைப் பார்த்து ரப்பர் பால் என்று நினைக்க வேண்டாம். நீரில் நிறமியும் நுண்ணிய பாலிமர் துகள்களும் மிதக்கின்றன. வெப்பக் காற்று பட்டதும் நீர் ஆவியாகிறது. துகள்கள் உருகி ஒன்று சேர்ந்து மெல்லிய படலமாகப் பலகையில் ஒட்டிக்கொள்கின்றன. சால்வென்ட் வாடை இல்லை, அச்சு காய்ந்தே வெளியே வருகிறது. ஆனால் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம் ஆகிய மூன்றில் ஒன்று தவறினாலும் தரம் தவறும். யுவி விளக்கால் மையை உடனே இறுகச்செய்யும் இயந்திரத்தை ஓட்டிப் பழகியவர்கள் இதைத்தான் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

அறையின் அளவிலேயே முதல் தவறு நடக்கிறது. பிளாட்பெட் என்று அழைத்தாலும், ஆர் வரிசையில் பலகை அசையாமல் படுத்திருப்பதில்லை. உறிஞ்சிப் பிடிக்கும் பெல்ட்டில் ஏறி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. நம் சந்தையில் ஷீட் என்றால் எட்டுக்கு நான்கு அடி. 64 அங்குல இயந்திரத்தில் அதை நீளவாக்கில்தான் விட முடியும். அப்படியென்றால் முன்னால் எட்டு அடி, பின்னால் எட்டு அடி, அதற்கப்பால் ஆள் நிற்க இடம். 98 அங்குல இயந்திரம் குறுக்குவாக்கிலும் ஏற்கும், ஆனால் இயந்திரமே அறையை அடைத்துவிடும். கீழக்கரை போன்ற ஊர்களின் குறுகிய தெருக்களில் பெட்டியை இறக்கி உள்ளே கொண்டுபோக வழி இருக்கிறதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

ஷட்டரைத் திறந்து வைத்து ஓட்டுவது இரண்டாவது தவறு. இங்கே மிகவும் மோசமான தவறும் இதுதான். ஆடியில் வீசும் கச்சான் காற்று மணலை வாரிக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை ஈரத்தைக் கொண்டுவரும். இரண்டிலும் உப்பு இருக்கும். மையைத் தெளிக்கும் ஹெட்டுகளைச் சுமந்து ஓடும் கேரியேஜின் பின்னால் மெல்லிய என்கோடர் பட்டை ஒன்று உண்டு. கேரியேஜ் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை இயந்திரம் அதைப் படித்துத்தான் அறிகிறது. அதில் தூசியும் உப்பும் படலமாகப் படிந்தால் கோடுகள் விலகும், அல்லது இயந்திரம் பாதியில் நின்றுவிடும். மின்சுற்றுப் பலகைகளின் இணைப்புகளை உப்பு மெதுவாக அரிக்கும். அது வெளியே தெரியும்போது செலவு பெரிதாகியிருக்கும். அறையை மூடி, இரட்டைக் கதவு வைத்து, வடிகட்டிய காற்றை உள்ளே அனுப்புங்கள். ஏசி வாங்கும்போது இயந்திரம் கக்கும் வெப்பத்தையும் கணக்கில் சேருங்கள். ஏசியின் குளிர்க்காற்று அச்சுப் பகுதியில் நேராக விழக் கூடாது. விழுந்தால் மை காயும் விதம் இடத்துக்கு இடம் மாறும்.

கிடங்கிலிருந்து ஷீட்டை எடுத்துவந்து அப்படியே இயந்திரத்தில் ஏற்றுவதும் தவறே. முந்தைய நாளே அச்சறையில் வைத்து அந்தச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பழக விடுங்கள். சன் போர்டைச் சுவரில் சாய்த்து வைக்கும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். சாய்ந்த போர்டு வளையும். வளைந்த போர்டின் ஓரம் மேலே எழும்பும். வேகமாக ஓடிவரும் ஹெட் அதில் உரசும். பலகையின் கனத்தைத் தோராயமாகப் பதிவுசெய்தாலும் இதே விபத்துதான். காலிப்பரால் அளப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

மின்சாரத்தில் ஸ்டெபிலைசரோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். எர்த் குழியை யாரும் பார்ப்பதில்லை. காய்ந்த மணலில் எர்த் சரியாகக் கிடைக்காது. உப்பு நீர் ஊறும் மண்ணில் நன்றாகக் கிடைக்கும், ஆனால் துத்தநாகம் பூசிய ஜிஐ இரும்புக் குழாயை அந்த உப்பு விரைவில் தின்றுவிடும். தாமிரம் பூசிய மின்வாய் போட்டு, ஆண்டுதோறும் அளந்து பார்ப்பதே பாதுகாப்பு. நீண்ட வெயிலுக்குப் பின் விழும் முதல் தூறலில் மின்தடை வருவதைக் கடலோரத்தில் கவனித்திருப்பீர்கள். பீங்கான் இன்சுலேட்டர்களில் படிந்த உப்பு நனைந்து மின்சாரத்தைக் கடத்துவதால் வருவது அது. அத்தகைய நாளில் பெரிய வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

வெள்ளை மைக்காகத்தான் பலர் இந்த இயந்திரத்தை விரும்புகிறார்கள். அதையே பட்டினியும் போடுகிறார்கள். வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு கனமானது, அடியில் படியும். ஆர் வரிசையில் மை சுழன்றுகொண்டே இருக்கும். பயன்படாத வெள்ளை ஹெட்டுகளைக் கழற்றிச் சுழலும் அறையில் வைத்துவிடலாம். அந்த வசதி இருந்தும் இயந்திரத்தின் மின்சாரத்தை மொத்தமாக அணைத்துவிட்டு ஊருக்குப் போனால் பயனில்லை. மாதத்தில் ஓரிரு வேலைக்கு மட்டும் வெள்ளை தேவைப்படும் என்றால், வெள்ளை வசதிக்குக் கூடுதலாகப் பணம் போடாதீர்கள் என்பதே என் கருத்து. அதற்கு வெள்ளை வினைல் தாளை எழுத்தாக வெட்டி ஒட்டினால் போதும்.

கோப்பில் நிகழும் தவறுகளும் குறைவல்ல. ஒளி ஊடுருவும் அக்ரிலிக்கின் பின்புறம் அச்சடிக்கும்போது படத்தைத் திருப்பிப்போட மறந்தால் முழு ஷீட்டும் வீண். தமிழ் எழுத்துகளில் இன்னும் கவனம் வேண்டும். எழுத்துருவை வளைகோடுகளாக மாற்றாமல் அனுப்பினால், தமிழைக் கோக்கத் தெரியாத மென்பொருள் ‘ராமேஸ்வரம்’ என்பதில் உள்ள இரட்டைக்கொம்பைப் பிரித்து மகரத்துக்குப் பின்னால் வைத்துவிடும். தங்கும் விடுதிப் பலகைகளில் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் இருக்கும். தமிழ் வரியைத்தான் இடம் போதவில்லை என்று நெருக்குவார்கள். அதில் புள்ளி தேய்ந்து, ‘ண’, ‘ன’ சுழிகள் அடைபட்டு, ஓடும் வண்டியிலிருந்து படிக்க முடியாமல் போகும். எழுத்தைத் தடிப்பாக்க வெளிக்கோடு போடாதீர்கள். தடித்த எழுத்துருவையே தேர்ந்தெடுங்கள்.

துடைப்பதிலும் பிழை நேர்கிறது. ஏசிபி ஷீட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் துடைக்கலாம். லேசரில் வெட்டிய அக்ரிலிக்கின் ஓரத்தில் அது பட்டால் மயிரிழை விரிசல்கள் ஓடும். புதிய பொருள் எதுவானாலும் ஒரு துண்டில் அச்சடித்து, மறுநாள் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டி இழுத்துப் பாருங்கள். கண்ணாடியில் மை பிடிக்க உதவும் பிரைமர் பூச்சு இல்லாமல் முயல வேண்டாம்.

கடைசியாக, பலகை மாட்டப்படும் இடம். தனுஷ்கோடிச் சாலையோரம் நிற்கும் பலகையை வெயிலோடு பறக்கும் மணலும் தேய்க்கிறது. மையின் மேல்பூச்சு மட்டும் அங்கே போதாது, லேமினேஷன் அவசியம். இரும்புத் திருகு போட்டால் முதல் மழையிலேயே பழுப்பு நீர் வழிந்து அச்சின் மேல் கோடு விழும். 304 ரகத் துருப்பிடிக்காத எஃகும் கடலோரத்தில் கறைபடும். 316 ரகம் வாங்குங்கள். எஃகுத் திருகு அலுமினியத்தை நேரடியாகத் தொட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிபடும், ஆகவே இடையில் நைலான் வாஷர் வையுங்கள். இந்தத் திருகையும் வாஷரையும் லேமினேஷனையும் விலைப்பட்டியலில் தனி வரிகளாகவே எழுதிவிடுங்கள். வாடிக்கையாளர் பேரம் பேசும்போது எதைக் கழிக்கச் சொல்கிறார் என்பது அவருக்கும் தெரிந்திருக்கட்டும்.