பிரவுசரில் தமிழ் எழுத்து உடைந்தால், உடைத்த மாற்றத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறையில். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம், வீட்டிலும் கடையிலும் பேசுவது தமிழ். எங்கள் வாசகசாலைக்கு ஒரு சின்ன வெப்சைட் வைத்திருக்கிறேன்; ஒவ்வொரு அறிவிப்பும் தமிழில் ஒன்று, அதன் கீழே மலையாளத்தில் ஒன்று. இப்படி சைட் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் ஒருநாள் வரும் பிரச்சனை இது: நேற்றுவரை சரியாகத் தெரிந்த எழுத்து இன்று சரியில்லை, பிரவுசர் அப்டேட் ஆகியிருக்கிறது, எதை மாற்றினார்கள் என்று தெரியவில்லை. இதைக் கண்டுபிடிக்க முடியும், கோடு எழுதத் தெரியாவிட்டாலும் முடியும். ஃபயர்ஃபாக்ஸில் பக்கத்தை வரைந்து காட்டும் உள்பகுதியான கெக்கோ எஞ்சினை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதற்குத்தான் இந்த வேலைக்கு வசதியான கருவி இருக்கிறது.

முதலில் உங்கள் பக்கத்தைச் சோதித்துவிடுங்கள். இதில் நான் ஒரு மாலை முழுவதையும் இழந்திருக்கிறேன். தலைப்பில் எழுத்து இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினேன், உடனே ஊர்ப்பெயரின் முதல் எழுத்தான 'கொ'வில் கால் மட்டும் தனியாக விலகி நின்றது. எஞ்சினில்தான் கோளாறு என்று முடிவே செய்துவிட்டேன். கடைசியில் பார்த்தால், டைப் செய்தபோது காலுக்குப் பதில் 'ர' விழுந்திருக்கிறது; 'கெர' என்று இருந்ததை இத்தனை நாளும் எல்லோரும் 'கொ' என்றே படித்திருக்கிறோம். நெருக்கமாக இருந்தவரை தெரியவில்லை, இடைவெளி விட்டதும் தெரிந்தது. எளிய சோதனை என்னவென்றால், அந்தப் பக்கத்திலேயே தேடல் பெட்டியைத் திறந்து 'கொ' என்று தேடுங்கள், சிக்கவில்லை என்றால் தவறு உங்கள் எழுத்தில். ஃபான்டையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

எழுத்து சரி, ஃபான்டும் சரி என்றால் வேறு பிரவுசர்களில் திறந்து பாருங்கள். ஒற்றைக்கொம்பை 'க'வுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும் வேலையை கெக்கோவிலும் குரோமின் பிளிங்க்கிலும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே மென்பொருள் நூலகம்தான் செய்கிறது. ஆப்பிள் கருவிகளில் சஃபாரிக்கு அந்த வேலையை கோர்டெக்ஸ்ட் செய்கிறது. ஆக ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டிலும் ஒரே மாதிரி உடைந்து சஃபாரியில் மட்டும் சரியாக இருந்தால், சந்தேகம் ஹார்ஃப்பஸ் பக்கமோ ஃபான்ட் பக்கமோ போக வேண்டும். ஒன்றில் மட்டும் உடைந்தால் அந்த எஞ்சினைத் தேடலாம்.

அப்புறம் பக்கத்தைச் சின்னதாக்குங்கள். மெனு, படம், ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெட்டி, ஒரு சொல்லும் ஒரு ஸ்டைல் வரியும் மட்டும் மிஞ்சி, அப்போதும் பிழை தெரிகிற நிலைக்குக் கொண்டுவர வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் பாதிப் பேருக்கு விடை இங்கேயே கிடைத்துவிடும்.

இப்போது முதலில் சொன்ன கருவி, மோஸ்ரெக்ரஷன்: பழைய ஃபயர்ஃபாக்ஸ்களைத் திறந்து காட்டி, எப்போது உடைந்தது என்று கண்டுபிடிக்க உதவும். இதற்கு ஜன்னலும் பொத்தானும் உள்ள பதிப்பு இருக்கிறது, கமாண்ட் எதுவும் அடிக்க வேண்டாம். புதிய பைசெக்ஷன் (பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது) தொடங்கு என்று சொல்லி, உங்கள் சின்னப் பக்கத்தின் முகவரியையும், சரியாக இருந்த ஒரு தேதியையும், உடைந்த ஒரு தேதியையும் கொடுங்கள். தேதி நினைவில்லாவிட்டால் ஃபயர்ஃபாக்ஸ் பதிப்பு எண்ணைக் கொடுத்தாலும் போதும். கருவி நடுவில் ஒரு நாளின் நைட்லி பில்டை (தினமும் உருவாகும் சோதனைப் பதிப்பு) இறக்கி, உங்கள் அமைப்புகள் எதுவும் இல்லாத புத்தம் புதிய புரொஃபைலில் திறந்து காட்டும். நீங்கள் பார்த்து 'குட்' அல்லது 'பேட்' என்று அழுத்த வேண்டும், பில்டே திறக்காவிட்டால் 'ஸ்கிப்'. ஒவ்வொரு பதிலுக்கும் பாதி நாட்கள் கழிந்துவிடும், அதனால் 128 நாள் இடைவெளியைக்கூட ஏழு தடவையில் ஒரே நாளுக்குள் அடைத்துவிடலாம். பிறகு அந்த நாளுக்குள் நுழைந்த தனித்தனி மாற்றங்களின் பில்டுகளுக்குள்ளும் அதுவே இறங்கித் தேடும். ஒவ்வொன்றும் முழு பிரவுசர் டவுன்லோடு, மொபைல் டேட்டாவில் செய்யாதீர்கள். அவசரத்தில் ஒரு பதிலை மாற்றி அழுத்திவிட்டால் முடிவு எங்கேயோ போய் நிற்கும், ஆகவே ஒவ்வொரு தடவையும் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

முடிவில் ஒரு மாற்றத்தின் இணைப்போ சில மாற்றங்களின் பட்டியலோ வரும். கெக்கோவில் ஒவ்வொரு மாற்றத்தின் முதல் வரியிலும் பக் எண் (பிழைப் புகாரின் எண்), என்ன செய்தார்கள் என்ற ஒரு வாக்கியம், 'ஆர்' என்ற எழுத்தும் சமக்குறியும் போட்டு ரிவ்யூ செய்தவரின் பெயர் இருக்கும். 'பேக்ட் அவுட்' என்று தொடங்கினால் முன்பு சேர்த்ததைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். ஃபான்ட், டெக்ஸ்ட், லேஅவுட் பற்றிப் பேசும் வரிகளை முதலில் படித்து, அந்த பக் எண்ணைத் திறந்து விவாதத்தையும் முழுக்கப் படியுங்கள், ஏனென்றால் சில மாற்றங்கள் பிழையே அல்ல. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரம் யூனிகோட்; 2023-இல் வந்த அதன் 15.1 பதிப்பில் கூட்டெழுத்துகளை ஒரே அலகாகக் கருதும் விதி சேர்ந்தது. மலையாளமும் தெலுங்கும் அதில் உண்டு, தமிழ் இல்லை. எங்கள் பக்கம் போல இரண்டு மொழி இருந்தால், எஞ்சின் அந்த விதிக்கு மாறும்போது மலையாள வரியின் இடைவெளி மட்டும் மாறலாம். அதைப் பிழை என்று புகார் செய்தால் பலனில்லை.

பிழைதான் என்றால் ஃபயர்ஃபாக்ஸ் பிழைகளைப் பதியும் பக்ஸில்லா தளத்தில் 'கோர்' பிரிவின் கீழ் 'லேஅவுட்: டெக்ஸ்ட் அண்ட் ஃபான்ட்ஸ்' என்பதில் பதியுங்கள். சின்னப் பக்கம், கருவி தந்த இணைப்பு, முன்னும் பின்னுமாக இரண்டு படம். படத்தில் தவறான இடத்தை வட்டமிடுவது அவசியம். தமிழ் தெரியாத பொறியாளருக்கு 'கெர'வும் 'கொ'வும் ஒன்றுதான். எழுத்துகளை யூனிகோட் எண்ணாகவும் எழுதிவிடுங்கள். எந்த மாற்றம் உடைத்தது என்று சுட்டிக்காட்டிய பக், அந்த மாற்றத்தை எழுதியவரிடமே போய்ச் சேரும். வெறுமனே "தமிழ் சரியில்லை" என்றால் யாரிடம் போக வேண்டும் என்பதே அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது.

முடிந்தால் ஒரு டெஸ்டும் சேர்த்துக் கொடுங்கள், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எல்லா எஞ்சின்களும் பகிர்ந்துகொள்ளும் வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸில் 'ரெஃப்டெஸ்ட்' என்று ஒரு வகை உண்டு: இரண்டு பக்கங்களை வரைந்து, இரண்டும் ஒரே படமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 'கொ'வை இரண்டு விதமாக எழுதலாம் அல்லவா? ஒரு பக்கத்தில்

கொ

இன்னொன்றில் கொம்பையும் காலையும் பிரித்து

கொ

யூனிகோட் கணக்கில் இரண்டும் சமம், ஆகவே இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிய வேண்டும். இடைவெளி கூட்டினாலும், முதலெழுத்தை மட்டும் பெரிதாக்கினாலும் அப்படித்தான். இந்த இரண்டு வரி உள்ளே போய்விட்டால், பிறகு தமிழே தெரியாத ஒருவர் செய்யும் மாற்றம் 'கொ'வை உடைத்தாலும் டெஸ்ட் அவரை நிறுத்திக் கேட்கும்.

திருத்தம் சேர்ந்ததும் நைட்லியில் அடுத்த பில்டுக்குள் வந்துவிடும், அது நாளுக்கு இரண்டு தடவை உருவாகிறது. அதை இறக்கி உங்கள் நிஜப் பக்கத்தைத் திறந்து பார்த்து, சரியாகிவிட்டது என்று பக்கில் ஒரு வரி எழுதுங்கள். வாசகசாலைக்கு வருபவர்களின் கணினியில் தெரிய இன்னும் சில வாரம் பிடிக்கும், ஏனென்றால் நைட்லியிலிருந்து பீட்டா என்ற முன்னோட்டப் பதிப்புக்குப் போய்த்தான் வெளியீட்டுக்கு வரும். படிக்கவே முடியாத அளவு பிழை என்றால், பீட்டாவிலேயே சேர்க்க முடியுமா என்று அந்த பக்கிலேயே கேட்டுப் பாருங்கள்.