வீட்டில் பதிவு செய்த குரலுக்கு ஈக்யூ போடுவது எப்படி?

சின்ன அறையில் மைக்கை ஒட்டி உட்கார்ந்து பேசினால் அடியில் 'கும்'மென்று ஓர் இரைச்சல் ஏறும். நடுவில், டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல் குரல் அடைத்துக்கொள்ளும். இரண்டையும் ஈக்யூவில், அதாவது ஒலியின் அடி, நடு, மேல் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில், பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளோடு வரும் ரியாஈக்யூவை வைத்து இங்கே விளக்குகிறோம். வேறு எந்தப் பாராமெட்ரிக் ஈக்யூவிலும் (மாற்றும் இடம், அளவு, அகலம் மூன்றையும் நாமே வைக்கக்கூடியது) இதே எண்களைப் போடலாம். ஹெட்ஃபோன் கட்டாயம் வேண்டும். மொபைல் ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் காதில் விழவே விழாது.

1. அடியை வெட்டுங்கள்

டிராக்கில் எஃப்எக்ஸ் பொத்தானை அழுத்தி ரியாஈக்யூவைச் சேருங்கள். அதிலுள்ள ஒவ்வொரு பேண்டும் ஒலியின் ஒரு பகுதியை மாற்றும். முதல் பேண்டின் வகையை ஹை பாஸ் (குறித்த ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைப்பது) என்று மாற்றுங்கள். ஆண் குரலுக்கு 80 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100 என்று தொடங்கலாம். குரல் மெலியும் வரை மெல்ல ஏற்றி, மெலிந்ததும் சற்றுக் கீழே இறக்கி நிறுத்துங்கள். மேசை அதிர்வு, ஏசி உறுமல், 'ப' சொல்லும்போது மைக்கில் மோதும் காற்று எல்லாம் இதிலேயே வெகுவாகக் குறையும். கரண்ட் ஹம் மட்டும் முழுதாகப் போகாது. 50 ஹெர்ட்ஸ் அடங்கினாலும் அதன் மடங்குகளான 100, 150 குரலோடு கலந்தே நிற்கும். அதற்குக் கேபிளையும் எர்த்தையும்தான் பார்க்க வேண்டும்.

2. அடைப்பைத் தேடுங்கள்

தொடக்கநிலையில் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். இரண்டாம் பேண்டில் கெயினை (ஏற்றி இறக்கும் அளவு) +8 டெசிபல், பேண்ட்விட்தை (எவ்வளவு அகலம் என்பது) 0.5 ஆக்டேவ் என்று வைத்து, குரல் ஓடும்போதே 200-லிருந்து 600 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக நகர்த்துங்கள். 8 டெசிபல் ஏற்றினால் எந்த இடமும் அசிங்கமாகத்தான் கேட்கும். அக்கம்பக்கத்தைவிடத் தனியாகத் துருத்திக்கொண்டு ஒலிக்கும் இடம் எது என்று பாருங்கள். அங்கே கெயினை -3 அல்லது -4 ஆக்கி, பேண்ட்விட்தை 1 ஆக்டேவாக விரியுங்கள்.

-6-க்கு மேல் வெட்ட வேண்டியிருந்தால் குறை பெரும்பாலும் பதிவில்தான். கார்டியாய்டு மைக்கை (முன்பக்க ஒலியை அதிகமாக எடுக்கும் வகை) நெருங்க நெருங்க அடி ஒலி கூடும். 15 செ.மீ. தள்ளி உட்கார்ந்து மறுபடி பேசிவிடுவதே மேல்.

3. தெளிவு

சொல் புரியவில்லை என்றால் மட்டும் 3 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் +2 டெசிபல், அகலமாக. அதற்குமேல் வேண்டாம், காது சீக்கிரம் களைத்துவிடும். 'ஸ', 'ஷ' சீறினால் அது 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸில் இருக்கும். அந்தப் பகுதியை ஈக்யூவில் ஒரேயடியாக வெட்டினால் மொத்தக் குரலும் மங்கிவிடும். சீறும் கணத்தில் மட்டும் அந்தப் பகுதியை இறக்கும் டி-எஸ்ஸர் என்ற எஃபெக்டைப் போடுங்கள்.

4. ஒப்பிடுங்கள்

ஈக்யூவை அணைத்து, போட்டுக் கேளுங்கள். சத்தம் கொஞ்சம் கூடினாலே நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும். ஆகவே ரியாஈக்யூவின் வலப்பக்கக் கெயினை நகர்த்தி இரண்டு நிலையிலும் சத்தத்தைச் சமமாக்கிவிட்டு முடிவெடுங்கள்.

கம்ப்ரசர் (சத்தம் கூடும் இடங்களை அமுக்கிச் சமப்படுத்தும் எஃபெக்ட்) போடுவதாக இருந்தால் இந்த வெட்டுகளுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் நீங்கள் வெட்டப்போகும் 'கும்' ஒலிக்கே அது குரலை அமுக்கிக்கொண்டிருக்கும். அறை எதிரொலியும் பதிவில் சத்தம் எல்லை மீறி கிளிப் ஆகிக் கிழிந்த ஒலியும் ஈக்யூவால் போகாது.