வீட்டுத் தோட்டத்தில் ஜிப் லைன்: இறுக்கிக் கட்டாமல் தொய்வு விட்டுக் கட்டும் முறை

காவேரிப்பட்டணம், பர்கூர், பாலக்கோடு பகுதிகளில் வீட்டை ஒட்டித் தோப்பு வைத்திருப்பவர்கள், விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்காக ஜிப் லைன் (இரு மரங்களுக்கிடையே சரிவாகக் கட்டிய வடத்தில் தொங்கியபடி சறுக்கிச் செல்லும் விளையாட்டு) கட்ட எண்ணினால், பொருள் வாங்கக் கிளம்பும் முன்பே ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். 25 மீட்டர் இடைவெளியில் கட்டிய வடத்தின் நடுவே 40 கிலோ எடையுள்ள பிள்ளை தொங்கும்போது வடம் 1 மீட்டர் தொய்ந்தால், அதில் ஏறும் இழுவிசை சுமார் 250 கிலோ. அதே வடத்தை விறைப்பாக இழுத்து, தொய்வை 25 சென்டிமீட்டராகக் குறைத்துவிட்டால், அந்த இழுவிசை 1,000 கிலோவை எட்டும். எடை மாறவில்லை; இறுக்கம் மட்டுமே மரத்தையும், வடத்தின் முனையைப் பூட்டும் கிளாம்ப்பையும் நான்கு மடங்கு சோதிக்கிறது. ஆகவே தொய்வு குறையன்று, அதுவே முதல் பாதுகாப்பு.

மரத் தேர்வு

இரு முனைகளிலும் குறைந்தது 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள, நோயற்ற, உயிருள்ள மரங்கள் வேண்டும். புளியும் வேம்பும் மிகப் பொருத்தமானவை. மா மரமானால், அடிமரத்தில் துளைகளும் அவற்றிலிருந்து உதிரும் மரத்தூளும் தென்படுகின்றனவா என்று பாருங்கள். தண்டுத் துளைப்பான் குடைந்த மரம் வெளியே பச்சையாக இருந்தாலும் உள்ளே கூடாக இருக்கக்கூடும். முருங்கையும் தென்னையும் வேண்டாம். நம் பகுதியில் வேலிக்கு நடும் கருங்கல் தூணைப் பார்த்ததும் அதிலேயே கட்டிவிடலாம் என்று தோன்றும். கல் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குமே தவிர, பக்கவாட்டு இழுப்பில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முறிந்துவிடும். அதைத் தொடவே கூடாது.

வடம் செல்லும் பாதை திறந்த கிணற்றின் மேலோ, மோட்டாருக்குச் செல்லும் மின்கம்பியின் அருகிலோ அமையக் கூடாது. இருபுறமும் 2 மீட்டர் அகலத்துக்குக் கிளைகளை நீக்குங்கள். தரையில் துருத்தி நிற்கும் பாறைகளையும் அகற்றுங்கள்.

உயரமும் சரிவும்

தரை சமமாக இருந்தால், தொடக்க மரத்தில் 3.3 மீட்டர், முடிவு மரத்தில் 2.55 மீட்டர் உயரத்தில் வடம் அமையட்டும். 25 மீட்டர் இடைவெளியில் இது 3 சதவீதச் சரிவு. இருக்கை வடத்திலிருந்து 1.1 மீட்டர் கீழே தொங்கினால், தாழ்வான இடத்தில் பிள்ளையின் கால் தரைக்கு மேல் ஏறத்தாழ 40 சென்டிமீட்டரில் செல்லும். ஏறுவதற்கு 1.5 மீட்டர் உயர மேடையும் அதற்குக் கைப்பிடிச் சுவரும் தேவை.

கட்டும் முறை

ஹார்டுவேர் கடையில் 10 மி.மீ. தடிமனுள்ள, துத்தநாகம் பூசிய வயர் ரோப்பை, அறுபடு வலு 5 டன்னுக்குக் குறையாததாகப் பார்த்து வாங்குங்கள். மரப்பட்டையை வடம் அறுக்காமல் இருக்க, அடிமரத்தைச் சுற்றி மரக்கட்டைகளைச் செங்குத்தாக அடுக்கி, அவற்றின் மேல் சுற்றுங்கள். வளைவில் திம்பிள் (வடம் நசுங்காமல் காக்கும் உலோக வளையம்) வைத்து, ஒவ்வொரு முனையிலும் குறைந்தது மூன்று யு-கிளாம்ப்புகளை 6 சென்டிமீட்டர் இடைவெளியில் போடுங்கள். இங்கே கவனம் தேவை: கிளாம்ப்பின் தட்டையான அடிப்பாகம் பாரம் ஏறும் நீண்ட வடத்தின் மேலும், யு வடிவக் கம்பி வெட்டிய குட்டை முனையின் மேலும் அமர வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் வடமே நசுங்கிப் பிடிப்பின் வலு வெகுவாகக் குறைந்துவிடும்.

இரண்டாம் முனையைக் கட்டுவதற்கு முன்பே, இருக்கையைத் தாங்கி வடத்தில் உருளும் ட்ராலியையும், வேகத்தை உள்வாங்கும் நீண்ட பிரேக் ஸ்பிரிங்கையும் வடத்தில் கோத்துவிடுங்கள். பின்னர் கோப்பது பெரும்பாலும் முடியாது. முடிவு மரத்தைச் சுற்றிப் பழைய டயர்களையும் கட்டிவையுங்கள். வடம் பாதித் தூரத்துக்குச் சற்று அப்பால் மிகத் தாழ்ந்து, பிறகு மேல்நோக்கி ஏறுவதால், வேகம் தானாகவே ஓரளவு தணியும். தொய்வு தரும் இன்னொரு நன்மை இது.

சோதனை

40 கிலோ மணல் மூட்டையை நடுவில் தொங்கவிட்டு, தொய்வு 1 மீட்டராக வரும்வரை, வடத்தின் முனையில் பொருத்திய டர்ன்பக்கிளை (வடத்தை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் திருகு) திருப்புங்கள். பிறகு 80 கிலோ தொங்கவிட்டு, கிளாம்ப்பில் வடம் நழுவுகிறதா, மரம் அசைகிறதா என்று கவனியுங்கள். மூட்டையை இறக்கியதும் நட்டுகளை மீண்டும் முறுக்குங்கள், ஏனெனில் முதல் பாரம் ஏறியதும் அவை தளரும். அதன்பின் மூட்டையை மேடையிலிருந்து ஓடவிட்டு, அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மரத்தில் மோதினால், முடிவு உயரத்தைச் சற்று ஏற்றிச் சரிவைக் குறையுங்கள்.

பயன்பாடு

ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே, பெரியவர் ஒருவர் உடனிருக்க, இடுப்பு, தொடைப் பட்டைகள் கொண்ட ஹார்னஸும் ஹெல்மெட்டும் அணிந்து செல்ல வேண்டும். துப்பட்டாவையும் சங்கிலியையும் கழற்றி, தலைமுடியை முடிந்துகொள்ளட்டும். ஓடும் ட்ராலிக்கு முன்னால் வடத்தை யாரும் கையால் பிடிக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் மாலை இடிமழை இங்கு திடீரென வரும். மேகம் கறுத்தவுடன் சவாரியை நிறுத்துங்கள்.

மாதம் ஒருமுறை கையுறை அணிந்து வடத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி மாட்டும் இடத்தில் இழை அறுந்திருக்கும், அந்த வடத்தை மாற்றிவிடுங்கள். மரம் பருத்து வருவதால் ஆண்டுக்கு ஒருமுறை சுற்றைத் தளர்த்திக் கட்டுங்கள். ஆளில்லாத நேரத்தில் பிள்ளைகள் தாமாக ஏறாமல் இருக்க, இருக்கையையும் ஹார்னஸையும் கழற்றி வீட்டுக்குள் பூட்டி வையுங்கள்.