கண்மாய் தூர்வாரப் போகிறீர்களா? ஜேசிபியை முதலில் அங்கே நிறுத்தாதீர்கள்

தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணி பெரியகுளத்தை 2019-ல் ஊர்க்காரர்களே பணம் போட்டுத் தூர்வாரியதைப் பார்த்து ஆசைப்பட்ட ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம், சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பணம் வந்தது, 2 ஜேசிபி இறக்கி 20 நாள் வெட்டினோம். ஐப்பசியில் மழையும் குறைவில்லை. ஆனால் கண்மாயில் முழங்கால் அளவுத் தண்ணீர்கூட நிற்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியே மேற்கே நடந்தோம். ஒன்றரை கிலோமீட்டர் தாண்டி, ரோட்டுக்கு அடியில் போகும் குழாய் மண்ணும் பிளாஸ்டிக் பையுமாக அடைத்துக் கிடந்தது. வந்த வெள்ளமெல்லாம் ரோட்டை ஏறித் தாண்டி ஓடைக்குப் போயிருந்தது. அதை எடுக்க மண்வெட்டியோடு 6 பேர், அரை நாள் போதுமாக இருந்தது. குளத்தின் நடுவே எந்திரம் நிற்கும் போட்டோவுக்கு நன்கொடை வரும், குழாய் அடைப்புக்கு வராது. எல்லோரும் செய்யும் முதல் தவறு இதுதான்.

அடுத்தது ஆழம். தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்குத் தானாக ஏறாது. ஆடு மாடு குடிக்கும், கிணறு ஊறும், அவ்வளவுதான். அதுவும் தேவைதான், ஆனால் ‘பாசனத்துக்கு’ என்று சொல்லி வசூல் செய்துவிட்டு அதைச் செய்யக் கூடாது. அடியில் இருக்கும் களி மண்தான் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. அதையும் கிழித்து மணல் தெரிய வெட்டினால் குளம் சல்லடையாகிவிடும். வண்டல் வரைக்கும் எடுத்து வயலுக்கு அடியுங்கள், அதோடு நிறுத்துங்கள். கரையை உயர்த்த வேண்டுமென்று கரைக்கு ஒட்டியே பள்ளம் பறிப்பது அதைவிட மோசம். முதல் பெருவெள்ளத்தில் கரையே சரியும்.

நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்கில் கை வைக்காதீர்கள். ‘இன்னும் ஒரு அடி கட்டினால் ஒரு போகம் கூடுமே’ என்று யாராவது சொல்வார்கள். கண்மாய்கள் ஒன்று நிரம்பி அடுத்ததற்கு மறுகால் பாயும் சங்கிலி. உங்கள் கலுங்கு உயர்ந்தால் மேலே உள்ளவன் வயல் முங்கும், கீழே உள்ள ஊருக்குத் தண்ணீர் தாமதமாகப் போகும். பிறகு விவசாயம் வயலில் நடக்காது, கோர்ட்டில் நடக்கும்.

இனி கருவேலம். சீமைக் கருவேலத்தை அழிக்கிறோம் என்று நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்துத் தள்ளுவதை நானே பார்த்திருக்கிறேன். பூவைப் பாருங்கள்: நாட்டுக் கருவேலம் மஞ்சள் உருண்டையாகப் பூக்கும், காய் மணி மணியாகக் கோத்த மாலை போல விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ விரல் போல நீண்டு தொங்கும், பழுத்த காய் இடுப்பில்லாத மஞ்சள் பட்டை. நெல்லை மாவட்டம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் நாட்டுக் கருவேல மரங்களிலும் கூடு கட்டுகின்றன. நாம் வெட்டக் கிளம்பும் கோடையில் அங்கே குஞ்சுகள் கூட்டில் இருக்கும். உங்கள் கண்மாயிலும் கூடு தெரிந்தால் அந்த மரத்தை விட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

சீமைக் கருவேலத்தைத் தரையோடு அறுத்துவிட்டுப் போவது வெறும் கூலிச் செலவு. ஒன்று வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்கு நாலு தளிர்க்கும். வேர்க்கட்டையோடு பிடுங்க வேண்டும். ஆடு தின்று போட்ட புழுக்கையில் விதை இருக்கிறது என்பதால், அடுத்த வருடம் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்கவும் ஆளும் பணமும் ஒதுக்கி வையுங்கள்.

அனுமதியையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாய் பாயும் வயல் பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத்துறை, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். வண்டல் எடுக்கத் தனி அனுமதி. காகிதம் இல்லாமல் மண் லாரி கிளம்பினால், நீங்கள் எவ்வளவு நல்லவர் என்றாலும் ஊர் உங்களை மண் விற்பவன் என்றுதான் பேசும்.

இந்த வருடம் நாங்கள் வயல்களுக்கு முறைப்படி தண்ணீர் பாய்ச்சிவிடும் நீர்பாய்ச்சிகளில் ஊரில் மிச்சமிருக்கும் ஒரே ஒருவரைக் கூட்டிக்கொண்டு சித்திரையிலேயே வரத்துக்கால் நடந்தோம். அவருக்கு 70 வயது தாண்டியிருக்கும். நாங்கள் கவனிக்காமல் தாண்டிய ஒரு முள் புதரில் கம்பை ஊன்றி நின்றார். அதற்குள் இன்னொரு வாய்க்கால் இருந்தது.