புதிய ஊரின் பேச்சு வழக்கைக் கற்றுக்கொள்ளும் முறை

பாடநூலிலும் செய்தித்தாளிலும் பழகிய மொழியோடு ஒரு புதிய ஊருக்குக் குடிபோகிறவர், அங்கே பேசப்படுவது தமக்குத் தெரிந்த மொழியே என்றாலும், முதல் சில நாள்களில் பாதிப் பேச்சைத் தவறவிடுவார். அந்த ஊரார் மொழியைச் சிதைக்கிறார்கள் என்ற எண்ணம் சிறிதளவு இருந்தாலும் கற்றல் நடக்காது. ஒவ்வொரு நிலத்திலும் தனிப்பொருளில் வழங்கும் சொற்களுக்குத் தொல்காப்பியம் ‘திசைச்சொல்’ என்று பெயரிட்டு, அவற்றை இயற்சொல், திரிசொல், வடசொல் ஆகியவற்றின் வரிசையிலேயே வைத்திருக்கிறது. அதே மதிப்போடு நாமும் தொடங்கலாம்.

படி 1: கேட்டு எழுதுங்கள்

முதல் இரண்டு வாரங்களுக்கு அந்த வழக்கைப் பேச முயல வேண்டாம். சட்டைப்பையில் அடங்கும் ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, காதில் விழுந்ததை முழு வாக்கியமாக எழுதுங்கள். தனிச்சொல்லாக எழுதினால் ஒரு மாதம் கழித்து அது எங்கே, எந்தத் தொனியில் வந்தது என்பது மறந்துவிடும். யார், யாரிடம், என்ன சூழலில் சொன்னார் என்பதையும் ஓரத்தில் குறித்துவிடுங்கள். ஒலித்தபடியே எழுதுவது மிக முக்கியம். ‘வந்துட்டிருக்கான்’ என்று கேட்டதை ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்று திருத்தி எழுதினால், கற்க வேண்டியதையே அழித்துவிடுகிறீர்கள்.

விளிச்சொற்களுக்கும் வாக்கியத்தின் இறுதியில் ஒட்டும் அசைகளுக்கும் முதலிடம் கொடுங்கள். கொங்குப் பகுதியின் ‘ஏனுங்க’, நெல்லைப் பகுதியின் ‘ஏல’ போன்றவை மிகச் சிறிய சொற்கள். ஆனால் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் உள்ள உறவு முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது.

படி 2: முதல் விடையைப் பிடியுங்கள்

தொடக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, “இதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள்?” என்று நேராகக் கேட்பது. அப்படிக் கேட்டதும் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து, திருத்தமான மொழிக்கு மாறிவிடுவார்.

வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் 1962இல் நியூயார்க் நகரின் மூன்று பெரிய கடைகளில் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. நான்காம் மாடியில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றி ஊழியர்களிடம் வழி கேட்டு, அவர்கள் ‘நான்காம் மாடி’ (fourth floor) என்று ஆங்கிலத்தில் சொன்னதும், காதில் விழாதவர் போல இன்னொரு முறை கேட்டார். அந்த நகரின் பழைய பேச்சில் மறைந்துவிடும் ரகர ஒலி, இரண்டாம் முறை அழுத்திச் சொன்னபோது கூடுதலாக வெளிப்பட்டது. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எளியது: இயல்பான வழக்கு முதல் விடையில் இருக்கிறது, “என்ன?” என்று கேட்டபின் வருவது கவனமாகச் செப்பனிடப்பட்ட பேச்சு. எனவே மொழியைப் பற்றிக் கேட்காமல், வழியையோ நேரத்தையோ கேளுங்கள். முதலில் வந்ததை மனத்தில் நிறுத்தி, புரியாவிட்டால் மட்டும் மறுபடி கேட்டு, இரண்டையும் அருகருகே எழுதுங்கள். அந்த இரு வரிகளைவிட நல்ல பாடநூல் உங்களுக்குக் கிடைக்காது.

படி 3: தெரிந்த சொற்களைச் சந்தேகியுங்கள்

தெரியாத சொல் நம்மை நிறுத்திக் கேட்க வைக்கும். தெரிந்த சொல் வேறு பொருளில் வரும்போது நாம் கவனிக்காமலே கடந்துபோகிறோம். யாழ்ப்பாணத் தமிழில் உரையாடுவது ‘கதைத்தல்’. அங்கே “அம்மா பேசுவா” என்றால் அம்மா திட்டுவார் என்று பொருள். “ஆறுதலாக வாங்கோ” என்பது அவசரமில்லாமல் வரச் சொல்வது. சொல்லுக்கும் சொன்னவரின் முகக்குறிப்புக்கும் பொருந்தாத இடங்களைக் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு வையுங்கள்.

படி 4: எல்லையைக் கேட்டறியுங்கள்

வட்டார வழக்கு பல தலைமுறைகளாக நிற்பது. கொச்சையும் இளைஞர்களின் குழுமொழியும் சில ஆண்டுகளில் மாறிவிடும். இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்த்தால், நண்பர்களுக்குள் புழங்கும் சொல்லைப் பெரியவரிடம் சொல்லிவிடும் ஆபத்து உண்டு. நம்பிக்கைக்குரிய ஊர்க்காரர் ஒருவரிடம் வாரம் ஒருமுறை குறிப்பேட்டைக் காட்டுங்கள். “இதற்கு என்ன பொருள்?” என்பதோடு நிற்காமல், “நான் இதைச் சொன்னால் எப்படி இருக்கும், யாரிடம் சொல்லக் கூடாது?” என்றும் கேளுங்கள். வசவுச் சொற்களின் பொருள் தெரிந்திருப்பது நல்லது. வெளியூரார் அவற்றைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

படி 5: சிறிதாகப் பேசத் தொடங்குங்கள்

மூன்றாம் வாரத்தில், நாள்தோறும் தேவைப்படும் இரண்டு மூன்று சொற்களை மட்டும் உங்கள் பேச்சில் சேருங்கள். நேரத்தையும் திசையையும் குறிக்கும் சொற்கள் இதற்குப் பொருத்தமானவை, ஏனெனில் அவற்றால் எவரும் புண்படுவதில்லை. இழுவையையும் ஏற்ற இறக்கத்தையும் வேண்டுமென்று போலி செய்யாதீர்கள். ஒருவர் பேச்சை நோக்கி நம் பேச்சு நெருங்குவதை மக்கள் பொதுவாக விரும்புகிறார்கள். அளவு மீறினால் அதுவே கேலியாகத் தோன்றும். இராகம் கேட்கக் கேட்கத் தானாக வந்து சேரும்.

மூன்றாம் மாத இறுதியில் குறிப்பேட்டின் முதல் பக்கங்களை மீண்டும் படியுங்கள். தவறாகக் கேட்டு எழுதிய இடங்கள் இப்போது உங்களுக்கே தெரியும். அவற்றை அழிக்காமல், பக்கத்திலேயே சரியானதை எழுதிக்கொள்ளுங்கள்.